எந்தச் சாமியைக் கும்பிடுவது? டஞ்சன் க்ரால் ஸ்டோன் சூப் ஆட வருபவர்களுக்கு

குலதெய்வத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அது பிறப்போடு வருகிறது. இஷ்டதெய்வம் அப்படியில்லை, நாமே தேடிப் பிடித்துக்கொள்வது. டஞ்சன் க்ரால் ஸ்டோன் சூப் என்ற கணினி கேமில் இருப்பதெல்லாம் இஷ்டதெய்வங்கள்தான். ஐந்தாவது, ஆறாவது தளத்தில் ஒரு பெரிய கோயில் வரும். உள்ளே போனால் சுவரோரம் வரிசையாகப் பலிபீடங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத ஒரு பெயர். புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழிப்பார்கள். அவர்களுக்காகத்தான் இது.

கேமைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். லின்லி ஹென்செல் என்பவர் 1997-இல் வெளியிட்ட டஞ்சன் க்ராலை, 2006-இல் ஆர்வலர்கள் எடுத்து வளர்த்ததுதான் ஸ்டோன் சூப். முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ், பிரவுசரிலேயே ஆடலாம். பாதாளத்துக்குள் இறங்கி, ரூன் என்ற மந்திரச் சின்னங்களில் குறைந்தது 3-ஐச் சேர்த்து, அடியாழத்தில் இருக்கும் ஸாட்டின் கோளம் என்ற மாயப் பொருளைத் தூக்கிக்கொண்டு மேலே வர வேண்டும். ரூன்கள் மொத்தம் 15. செத்தால் செத்ததுதான், பழைய சேவ் எதுவும் கைகொடுக்காது. அதனால்தான் சாமி விஷயத்தில் இத்தனை யோசனை.

இருபதுக்கும் மேற்பட்ட தெய்வங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்து ஒப்பிட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். இதில் எனக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது: தெய்வம் என்ன வரம் தருகிறது என்று கடைசியில் பாருங்கள், எதைச் செய்யக்கூடாது என்கிறது என்று முதலில் பாருங்கள். வரம் எல்லாத் தெய்வத்திடமும் நன்றாகத்தான் இருக்கும். விரதம்தான் ஆளுக்கு ஆள் ஒத்துப்போகும், போகாது.

முதல் படி: தேர்வே தேவையா என்று பாருங்கள்

முதல் ஆட்டம் என்றால் கோயில் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மாட்டுத்தலை கொண்ட மினோடார் இனத்தையும் பெர்சர்க்கர் தொழிலையும் எடுங்கள். பெர்சர்க்கர் தொடங்கும்போதே ட்ராக் என்ற கோபக்காரச் சாமியின் பக்தன், அதனால் தேர்வு உங்கள் தலையில் விழாது.

ட்ராக்கைப் புரிந்துகொள்ள நம் ஊர் சாமியாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திறன்கள் பட்டியலைத் திறந்து பெர்சர்க்கைத் தட்டினால் ஆளுக்குச் சாமி வந்துவிடும். உயிர்ப்புள்ளி ஒன்றரை மடங்கு, அடி பலமாக விழும், கை கால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். அந்த நேரத்தில் சுருளைப் படிக்க முடியாது, மருந்தைக் குடிக்க முடியாது. அடி ஒன்றுதான் வழி. அப்புறம் சாமி மலையேறும். ஆள் துவண்டுபோய், கொஞ்ச நேரம் மந்தமாகிவிடுவார், உடனே மறுபடி ஆட முடியாது. ஆகவே சாமியை எப்போது அழைப்பது என்பதுதான் முழுப் பாடமும். எதிரே ஓகர் என்ற முரட்டு அரக்கன் ஒன்றே ஒன்று நிற்கிறதா, அழையுங்கள். கதவுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்களா, யோசியுங்கள். மலையேறிய பிறகு அந்தப் பத்துப் பேர் நடுவில் நீங்கள் தள்ளாடிக்கொண்டு நிற்பீர்கள்.

ட்ராக் இன்னும் இரண்டு வரம் தருவார். ஒன்று, காயத்தை ஆற்றி, மாய வித்தைகளுக்கு மனம் மசியாமல் காக்கும் ட்ராக்கின் கை. மற்றொன்று, ஆபத்தில் கூப்பிட்டால் வெறியோடு ஓடிவந்து சண்டை போடும் துணைவர்கள். பக்தி ஏறினால் ஆயுதங்களைப் பரிசாகப் போடுவார். இத்தனைக்கும் ஒரே ஒரு விரதம்: மந்திரம் போடக்கூடாது. மினோடார் மந்திரத்தில் மக்கு, முட்டுவதில் கெட்டி. அதற்கு இந்த விரதம் ஒரு விரதமே இல்லை. பொருத்தம் என்று நான் சொல்வது இதைத்தான்.

தொடக்கத்திலேயே சாமியோடு வரும் இன்னொரு தொழில் சிண்டர் அகோலைட். அதன் தெய்வம் இக்னிஸ், நெருப்பின் தெய்வம். முதலில் கொடுத்த பக்தியோடு சரி, எத்தனை பேரைக் கொன்றாலும் ஏறாது, பயன்படுத்தினால் கரையும். கையிருப்பு தீர்ந்ததும் வேறு தெய்வம் தேட வேண்டும். புதியவர்களுக்கு இது சரிவராது.

டெமிகாட் என்றொரு இனமும் உண்டு. தானே பாதி தெய்வம் என்பதால் யாரையும் கும்பிடாது. பெயரைப் பார்த்து மயங்கி எடுத்துவிட்டால் கோயிலில் உங்களுக்கு வேலையே இல்லை, சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம்.

இரண்டாம் படி: உங்கள் ஆளுக்கு ஆகுமா

பெர்சர்க்கர் அல்லாமல் வேறு ஆளோடு இறங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோயிலுக்குள் போகும் முன் உங்கள் ஆளின் உடம்பைப் பாருங்கள். இனம்தான் பாதித் தேர்வை முடித்துவிடும்.

ஃபெலிட் என்பது பூனை. அதன் பாதத்தில் வாள் நிற்காது, உடம்பில் கவசம் ஏறாது. ஆயுதமும் கவசமும் பரிசளிக்கும் ஒகவாருவை அது கும்பிட்டால், பல் இல்லாதவனுக்குப் பக்கோடா கொடுத்த கதை. ஃபார்மிசிட் என்ற எறும்பு இனத்துக்கு உடம்பில் ஒரு நிலைத்தன்மை உண்டு. அதற்கு வேகமும் ஏறாது, வெறியும் ஏறாது. ட்ராக்கின் முதல் வரமே அதற்குப் பயனில்லை. மம்மி செத்துப் பிழைத்த இனம் என்பதால் ஸின், எலிவிலான், ஷைனிங் ஒன் என்ற மூன்று நல்ல தெய்வங்களும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், செடிகொடிகளின் தெய்வமான ஃபெதாஸும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். பீடத்தின் மேல் நின்றால் அந்தத் தெய்வம் உங்களை ஏற்குமா என்று கேமே சொல்லிவிடும். ஏற்றாலும் பயன்படுமா என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

மூன்றாம் படி: பீடத்தைக் கண்டுபிடியுங்கள், ஏறி நின்று படியுங்கள்

கோயிலின் வாசல் பாதாளத்தின் 4 முதல் 7 வரை உள்ள தளங்களில் ஏதோ ஒன்றில் இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் கோயிலில் எல்லாத் தெய்வங்களும் இருக்க மாட்டார்கள். விடுபட்டவர்களில் பலருடைய பீடங்கள் மற்றத் தளங்களில் தனியாகக் கிடக்கும், நம் ஊர் வயல்வரப்பில் தனியே நிற்கும் கல் மாதிரி. கண்ட்ரோலோடு எஃப் விசையைத் தட்டி, பீடத்துக்கான ஆங்கிலச் சொல்லான ஆல்ட்டரைத் தேடினால், நீங்கள் பார்த்த எல்லாப் பீடங்களின் பட்டியலும் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஆள் தானாகவே நடந்து போய் நிற்பார்.

பீடத்தில் ஏறி > விசையைத் தட்டுங்கள். பயப்பட வேண்டாம், உடனே சேர்த்துவிடாது. முதலில் அந்தத் தெய்வத்தைப் பற்றிய விளக்கம் வரும், பிறகுதான் சம்மதம் கேட்கும். விளக்கத்தில் பொதுப் பக்கம், வரங்களின் பக்கம், கோபத்தின் பக்கம் என்று தனித்தனியாக இருக்கும். முதலில் எதற்கு மகிழும், எதற்கு முகம் சுளிக்கும் என்ற வரிகள். அடுத்து கோபப் பக்கம். வரம் கடைசியில். பிடிக்கவில்லையா, எஸ்கேப்பைத் தட்டி இறங்கிவிடுங்கள், தெய்வக்குற்றம் ஆகாது. பீடம் இல்லாமலே படிக்க வேண்டுமென்றால் ? தட்டி, அப்புறம் / தட்டி, தெய்வங்களின் பகுதிக்குப் போகலாம். இந்தக் கேம் பதிப்புக்குப் பதிப்பு மாறிக்கொண்டே இருப்பதால், நான் எழுதியதும் திரையில் வருவதும் முரண்பட்டால் திரையையே நம்புங்கள்.

சில இடங்களில் நிறம் மங்கிய பீடம் ஒன்று கிடைக்கும். எந்தச் சாமி என்று தெரியாது. சேர்ந்த பிறகுதான் தெரியும், அதற்குப் பதிலாகக் கொஞ்சம் கூடுதல் பக்தி கிடைக்கும். ஆழம் தெரியாமல் காலை விடத் துணிந்தவர்களுக்கு அது. முதல் பத்து ஆட்டங்களில் தாண்டிப் போய்விடுங்கள்.

நான் கெட்ட கதை

விரதத்தை ஏன் முதலில் படிக்கச் சொல்கிறேன் என்றால், படிக்காமல் கெட்டவன் நான். அது நான் கொஞ்சம் தேறிய பிறகு ஆடிய மினோடார். ட்ராக்கின் புண்ணியத்தில் ஆறாம் தளம் வரைக்கும் வெட்டிச் சாய்த்துக்கொண்டு வந்தேன். அங்கே ஒரு மந்திரப் புத்தகம் கிடைத்தது. மாட்டுத்தலைக்கு மந்திர ஆசை வந்துவிட்டது. கோயிலில் அழிவு மந்திரங்களின் தெய்வமான வெஹுமெட்டின் பீடம் வேறு பளபளவென்று இருந்தது. ட்ராக்கை உதறிவிட்டு அங்கே சேர்ந்தேன். கேம் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டது, நிச்சயமா என்று. நிச்சயம் என்றேன்.

இரண்டு தளம் தாண்டியிருப்பேன். காலியான தாழ்வாரத்தில், எங்கிருந்தோ வெறிபிடித்த கரடி ஒன்றும் ஓகர் ஒன்றும் என் பக்கத்திலேயே முளைத்தன. ட்ராக் அனுப்பியவை. முன்பு என் துணைக்கு வந்த அதே ஆட்கள்தான், இப்போது என் மேல் பாய்ந்தார்கள். வெறியேற்றிச் சமாளிக்கலாம் என்று திறன் பட்டியலைத் திறந்தால், அந்த வரமும் ட்ராக்கோடு போயிருந்தது. புதிதாகக் கற்ற மந்திரம் மூன்றில் இரண்டு தடவை புஸ்வாணம். அவ்வளவுதான்.

அதிலிருந்து கற்றது: தெய்வத்தை மாற்றுவது சட்டை மாற்றுவது இல்லை. பெரும்பாலான தெய்வங்கள் கைவிட்டவரைச் சும்மா விடாது, தணியும் வரை அவ்வப்போது தண்டனை வரும். விதிவிலக்கு அந்த மூன்று நல்ல தெய்வங்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போனால் அவர்களுக்குள் சண்டை கிடையாது. மற்றபடி, சேர்ந்த தெய்வத்தோடு கடைசி வரைக்கும் குடித்தனம் நடத்துவதாக நினைத்துக்கொண்டே சேருங்கள்.

நான்காம் படி: பக்திக் கணக்கும் இன்வொகேஷன்ஸும்

சேர்ந்த பிறகு பக்தி நட்சத்திரங்களாகத் தெரியும், அதிகபட்சம் ஆறு. ^ விசையைத் தட்டினால் எத்தனை, எந்த வரம் திறந்திருக்கிறது என்று காட்டும். பெரும்பாலும் எதிரிகளைக் கொல்வதே பூசை. எதுவும் செய்யாமல் சுற்றிக்கொண்டிருந்தால் பல தெய்வங்களிடம் பக்தி மெல்லக் கரையும்.

புதியவர்கள் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. சில தெய்வங்களின் வரங்கள் வலுவாக இருக்க இன்வொகேஷன்ஸ் என்ற திறனில் பயிற்சி வேண்டும். அதற்குப் போகும் அனுபவப் புள்ளிகள் வாள் பயிற்சியிலிருந்தோ மந்திரத்திலிருந்தோ பிடுங்கப்பட்டவை. ஒகவாரு அப்படிக் கேட்பவர். ட்ராக், வெஹுமெட், கோஸாக், ரூ போன்றவர்கள் கேட்பதில்லை. கையில் புள்ளி குறைவாக இருக்கும் ஆரம்பக் காலத்தில் இது பெரிய வித்தியாசம்.

ஐந்தாம் படி: முதல் சில ஆட்டங்களுக்கு நான் சிபாரிசு செய்பவர்கள்

நேருக்கு நேர் மோதும் சண்டைக்காரர் என்றால், ட்ராக்கை அடுத்து ஒகவாரு. போர்த்தெய்வம். முதல் நட்சத்திரத்திலேயே சண்டைத் திறன்களைத் தற்காலிகமாக ஏற்றிவிடும் வரம் கிடைக்கும். மேலே போனால் அடியின் வேகத்தைக் கூட்டும் வரம், ஒரே ஒரு எதிரியைத் தனிக் களத்துக்கு இழுத்துப் போய் ஒற்றைக்கு ஒற்றை மோதும் வரம். மந்திரத்துக்குத் தடை இல்லை. விரதம் என்னவென்றால், துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளக் கூடாது. வீரன் என்றால் தனியாகத்தான் நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. உங்கள் ஆள் பூதங்களை வரவழைத்துச் சண்டை போடுபவர் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மந்திரக்காரருக்கு இரண்டு வாசல். நெருப்பு, பனி, மின்னல் என்று எதிரியைப் பொசுக்குவதுதான் வேலை என்றால் வெஹுமெட். அவரே ஒன்றன்பின் ஒன்றாக அழிவு மந்திரங்களைக் கற்றுக்கொடுப்பார், புத்தகம் தேடி அலைய வேண்டாம். ஒவ்வொரு கொலைக்கும் கொஞ்சம் மந்திர சக்தி திரும்பும். கூட்டத்துக்கு நடுவே சக்தி தீர்ந்து நிற்பதுதான் மந்திரக்காரர்களின் வழக்கமான சாவு, அதற்கு இது நேரடி மருந்து. சிஃப் முனா கல்விக்கான தெய்வம். புத்தகங்களாகக் கொடுத்து நூலகத்தை நிறைப்பார், தீர்ந்த சக்தியை ஊறவைக்கும் வரம் உண்டு. எல்லா வகை மந்திரத்தையும் கலந்து ஆடுபவர்களுக்கு அவர் சரி. டீப் எல்ஃப் இனத்துப் புதிய மந்திரக்காரருக்கு நான் வெஹுமெட்டையே சொல்வேன். படிப்பை விட உயிர் முக்கியம்.

யாருக்கு எது ஆகும் என்றே பிடிபடவில்லையா? கோஸாக். காசுச் சாமி. இவரிடம் பக்தி நட்சத்திரமே கிடையாது, உண்டியலில் இருப்பதுதான் கணக்கு. நீங்கள் கொன்ற எதிரிகளின் பிணங்கள் தங்கமாக மாறிவிடும். தரையில் கிடக்கும் தங்கத்தைப் பார்த்து மற்ற எதிரிகள் கவனம் சிதறி நிற்பார்கள், அந்த இடைவெளியில் அடிக்கலாம். காசு கொடுத்து அவசரத்துக்கு மருந்துகளின் பலனைப் பெறலாம், வியாபாரியை வரவழைத்துக் கடை போடச் சொல்லலாம், ஒரு கிளைப் பாதாளத்தில் இருப்பவர்களுக்கே லஞ்சம் கொடுத்து நம் பக்கம் திருப்பலாம். ஆர்க் என்ற அரக்கர்களின் சுரங்கத்தில் லஞ்சம் கொடுத்துவிட்டு உள்ளே நடந்து போகும் சுகம் இருக்கிறதே, அதை ஒரு தடவையாவது அனுபவியுங்கள். பிணங்களை எழுப்பிப் படை சேர்க்கும் மந்திரக்காரருக்கு மட்டும் இவர் ஆக மாட்டார். எழுப்பப் பிணமே மிஞ்சாது.

எனக்குத் தனிப்பட்ட பிரியம் ஹெப்லியக்கலானா மேல். பெயரைச் சத்தமாக உச்சரிக்க முயல வேண்டாம், நானே ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறேன். நம் பாட்டன் முப்பாட்டன் ஒருவரின் நினைவைத் தோண்டியெடுத்து உருவம் கொடுத்து நம்மோடு அனுப்பும் தெய்வம். பக்தி சேர்ந்ததும் அந்த முன்னோர் உயிரோடிருந்தபோது என்னவாக இருந்தார் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்: வீரரா, போர் மந்திரவாதியா, மனத்தை மயக்கும் மாந்திரீகரா. நம்மோடு சேர்ந்து வளர்வார். செத்துப்போனாலும் சற்று நேரத்தில் திரும்பி வந்துவிடுவார். விலை, உங்கள் அதிகபட்ச உயிர்ப்புள்ளியில் ஒரு பங்கு. தனியாக ஆடிச் செத்துச் செத்து அலுத்தவர்களுக்கு, முன்னால் ஒருவர் அடிவாங்க நிற்பது எவ்வளவு ஆறுதல் என்று முதல் ஆட்டத்திலேயே தெரியும். பாட்டனை முன்னே விட்டுப் பின்னால் நிற்பது மரியாதையா என்று கேட்காதீர்கள்.

இப்போதைக்குத் தள்ளிவைக்க வேண்டியவர்கள்

கெய்ப்ரியாடோஸ் நிதானத்தின் தெய்வம். உடல் வலுவும் அறிவும் ஏராளமாக ஏறும், ஆனால் நீங்கள் நடப்பது ஆமை வேகம்தான், வேகமாக்கும் எதுவும் கூடாது. ஓடித் தப்பிப்பது என்ற பேச்சே இல்லை. எப்போது ஓட வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் ஓடாமல் ஆட முடியும்.

ரூ நேர்த்திக்கடன் கேட்பவர். கொலையால் பக்தி வராது, எதையாவது துறந்தால்தான் வரும். ஒரு கையை, ஒரு கண்ணை, மந்திரத்தில் ஒரு பிரிவை. கையைக் கொடுத்தால் கேடயம் போச்சு, இரு கை ஆயுதம் போச்சு. நீங்களே அவரை விட்டு விலகினாலும் கொடுத்தது திரும்பாது. எதை இழந்தால் தாங்கலாம் என்று தெரிய, முதலில் எது எதற்கு உதவும் என்று தெரிந்திருக்க வேண்டுமே. அஷென்சாரி சபிக்கப்பட்ட பொருள்களை உடம்போடு பிணைக்கச் சொல்வார். பதிலுக்குத் திறன்களை ஏற்றி, சுவருக்கு அப்பால் இருப்பதையும் குறி சொல்வதுபோலக் காட்டுவார். பிணைத்ததைக் கழற்ற வேண்டுமென்றால் பொருளையே உடைக்க வேண்டும்.

ஸாம்? அவருக்கு நீங்கள் பொம்மை. இன்று கூட்டாளிகளை அனுப்புவார், நாளை அதே கையால் அடிப்பார். சிரிக்க வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பாருங்கள்.

செத்த பிறகு செய்ய வேண்டியது

சாவீர்கள். நாங்கள் எல்லோரும் செத்தவர்கள்தான். செத்ததும் கேம் ஒரு கோப்பை எழுதி வைக்கும். எந்தத் தளம், யார் கொன்றது, எந்தத் தெய்வம், எத்தனை நட்சத்திரம் என்று எல்லாம் அதில் இருக்கும். கீழே போனால் ஒரு அட்டவணை: எந்த ஆயுதத்தால் எத்தனை அடி, எந்தத் திறனை எத்தனை தடவை அழைத்தீர்கள். அடுத்த ஆட்டத்துக்குச் சாமியை மாற்றும் முன் அந்த அட்டவணையைப் பாருங்கள். வரத்தைப் பத்துத் தடவை கூப்பிட்டும் செத்திருந்தால் தெய்வத்தை மாற்றிப் பார்க்கலாம்.

என் முதல் பெர்சர்க்கர் மூன்றாம் தளத்திலேயே செத்தார். சாமி சரியில்லை என்று நண்பனிடம் அரை மணி நேரம் புலம்பினேன். அவன் அந்தக் கோப்பை அனுப்பச் சொன்னான், பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அட்டவணையை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் திருப்பி அனுப்பினான். அதில் பெர்சர்க் என்ற வரியே இல்லை.